தோட்டத்தில் வாய்ச் சுகாதார ஆய்வு: ஒப்புதல் பத்திரத்தில் கையெழுத்திடுவதற்கு முன் எவற்றைக் கேட்க வேண்டும்?

கேள்வி: ஆசிரியை, மஸ்கெலியா

வணக்கம். நான் மஸ்கெலியாப் பகுதியில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கற்பிக்கிறேன். வெற்றிலை போடும் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதித்து மூன்று வருடங்கள் தொடர்ந்து கவனிக்கப் போவதாக ஓர் ஆய்வுக் குழுவினர் எங்கள் தோட்டத்திற்கு அறிவித்திருக்கிறார்கள். ஒப்புதல் பத்திரங்கள் தோட்ட அலுவலகத்தின் மூலமாகக் காலையில் பிரட்டுக்களத்தில் (தொழிலாளர்களைக் கூட்டி வேலை பிரிக்கும் இடத்தில்) வைத்துக் கொடுக்கப்பட்டன. நாற்பது வருடங்களாகக் கொழுந்து பறித்த என் அம்மாவுக்கும் ஒன்று கிடைத்தது. அதை அவருக்கு வாசித்துக் காட்டியபோது, தமிழில் இருந்தும் இரண்டு பந்திகள் எனக்கே விளங்கவில்லை.

பேராதனையில் பல் மருத்துவம் படிக்கும் என் தம்பி மகள், "இலங்கைத் தேயிலைத் தொழிலாளர் ஆய்வு" என்று ஒன்று உலகெங்கும் பல் மருத்துவ மாணவர்களுக்குக் கற்பிக்கப்படுவதாகவும், சிகிச்சையே கிடைக்காத மக்களின் பற்கள் எவ்வாறு ஆடி விழுகின்றன என்பதை அதில் பல வருடங்கள் அளந்தார்கள் என்றும் சொன்னாள். அதைக் கேட்டது முதல் எனக்கு மனம் ஒப்பவில்லை. அது உண்மையா? இன்றும் அவ்வாறு செய்ய முடியுமா? நான் ஆய்வுக்கு எதிரானவள் அல்ல. அம்மா எதற்குச் சம்மதிக்கிறார் என்பதை அவரே தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

மறுமொழி 1: பல் வைத்தியர், கண்டி

உங்கள் தம்பி மகள் சொன்னது உண்மைதான். நோர்வேயைச் சேர்ந்த பேராசிரியர் ஹரால்ட் லோவும் அவருடைய குழுவினரும் 1970இல் நமது மலையகத்தின் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களைத் தெரிவு செய்து, 1985 வரை பல தடவைகள் அவர்களுடைய ஈறுகளைப் பரிசோதித்தார்கள். ஒப்பிடுவதற்காக ஒஸ்லோ நகரில் 565 இளைஞர்களையும் பார்த்தார்கள். தோட்டத்தில் இருந்தவர்கள் பல் துலக்கும் வழக்கமோ பல் சிகிச்சையோ அறியாதவர்கள். எல்லோருடைய பற்களிலும் அழுக்குப் படலமும் அது இறுகிய காறையும் நிறைந்திருந்தன. அப்படியிருந்தும் ஏறக்குறைய 8 சதவீதத்தினருக்கு ஈறு நோய் மிக விரைவாக முற்றியது, 81 சதவீதத்தினருக்கு மிதமாகச் சென்றது, 11 சதவீதத்தினருக்கு ஈறு சிவந்து வீங்கும் ஈறழற்சியைத் தாண்டிச் செல்லவேயில்லை. ஒரே நிலையில் வாழ்ந்தவர்களிடையே இவ்வளவு வேறுபாடு இருந்தது 1986இல் வெளிவந்தபோது, ஈறு நோயைப் பற்றிய கருத்தே மாறியது.

2010இல் அந்தத் தோட்டத் தொழிலாளர்களில் 75 பேரை மீண்டும் கண்டுபிடித்துப் பரிசோதித்தார்கள். 2017இல் வெளியான அந்த முடிவுகள், காறையை அகற்றுவதும், ஈறழற்சியைக் கட்டுப்படுத்துவதும், முப்பது வயதுக்கு முன்பே சிகிச்சையைத் தொடங்குவதும், புகைப்பதை நிறுத்துவதும் பற்களைக் காக்கும் என்று கூறுகின்றன. நான் தினமும் நோயாளர்களுக்குச் சொல்லும் அறிவுரையின் ஒரு பகுதி நம்முடைய லயன்களில் (தோட்டக் குடியிருப்புகளில்) வாழ்ந்தவர்களின் வாயிலிருந்து பெறப்பட்டது என்பதை நினைக்கும்போதெல்லாம், அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் என்றே உணர்கிறேன்.

இன்றைய நிலை வேறு. மனிதரை உள்ளடக்கிய எந்த ஆய்வும் தொடங்கும் முன் ஒரு நெறியியல் மீளாய்வுக் குழுவின் அங்கீகாரத்தைப் பெற வேண்டும். ஆகவே முதலில் அந்த அங்கீகார இலக்கத்தையும், அதை வழங்கிய குழுவின் தொலைபேசி இலக்கத்தையும் கேளுங்கள். அவை பத்திரத்திலேயே இருக்க வேண்டும். அடுத்து, வாயைப் பரிசோதிப்பவர் யார் என்று கேளுங்கள். பல் மருத்துவத்திற்கென நம் நாட்டில் தனிச் சபை இல்லை. பல் வைத்தியர்களும் இலங்கை மருத்துவ சபையிலேயே பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இலக்கத்தைக் கேட்பது அவமரியாதை ஆகாது.

மறுமொழி 2: ஓய்வுபெற்ற தோட்ட வைத்திய உதவியாளர், பதுளை

டாக்டர் சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். பத்திரம் பிரட்டுக்களத்தில் கொடுக்கப்பட்டது என்ற இடத்திலேயே எனக்குக் கவலை தொடங்கிவிட்டது. வேலைக்குப் பேர் பதிகிறவரும் தோட்டத்தை நடத்தும் துரையும் நிற்கும் இடத்தில் "எனக்கு விருப்பமில்லை" என்று சொல்லக்கூடிய தொழிலாளியை என் முப்பது வருடச் சேவையில் நான் மிக அரிதாகவே கண்டிருக்கிறேன். மறுத்தால் நாளைக்கு வேலை கொடுக்கமாட்டார்களோ என்ற எண்ணம் வராமலிருக்காது. சம்மதத்தை லயனிலோ, கோயில் மண்டபத்திலோ, தோட்ட நிர்வாகத்தோடு தொடர்பில்லாத ஒருவர் கேட்க வேண்டும்.

மற்றது, வாயில் புற்றுநோயாக மாறக்கூடிய, சுரண்டினாலும் போகாத வெள்ளைப் படையோ சிவந்த புண்ணோ தெரிந்தால் என்ன செய்வார்கள்? பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2003இல் முடிவு செய்துவிட்டது. புகையிலை சேராத வெற்றிலையும் அதில் அடங்கும். எனவே மூன்று வருடங்கள் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்க எவருக்கும் உரிமை இல்லை. நம் நாட்டிலேயே ஆரம்ப சுகாதார ஊழியர்கள் கிராமங்களில் வாயைப் பரிசோதித்து, சந்தேகத்துக்குரியவர்களை வைத்தியசாலைக்கு அனுப்பிய ஒரு முயற்சி 1984இல் வெளியிடப்பட்டது. அனுப்பப்பட்டவர்களில் ஏறக்குறைய அரைவாசிப் பேரே போனார்கள். எனக்கு அது ஆச்சரியமில்லை. ஒரு நாள் பேரை, அதாவது அந்த நாட்சம்பளத்தை இழந்து, பஸ் காசும் கொடுத்து, வலிக்காத ஒரு புள்ளிக்காக யார் போவார்கள்? வைத்தியசாலைக்குத் துண்டு எழுதிக் கொடுப்பதோடு கடமை முடிந்ததா, அல்லது போய்வரும் செலவையும் அந்த நாட்சம்பளத்தையும் ஆய்வுக் குழு ஏற்குமா என்று எழுத்தில் கேளுங்கள்.

மறுமொழி 3: ஆய்வு மாணவர், பேராதனை

லோவின் ஆய்வைப் பற்றிப் பேசும்போது காலத்தையும் பார்க்க வேண்டும் என்று தாழ்மையுடன் சொல்கிறேன். மனிதரிடம் செய்யும் மருத்துவ ஆய்வுகளுக்கு உலக மருத்துவச் சங்கம் வகுத்த நெறிமுறையான ஹெல்சிங்கிப் பிரகடனம் 1964இலேயே வந்துவிட்டது. ஆனால் சுயாதீனக் குழு ஒன்று ஆய்வுத் திட்டத்தைப் பார்வையிட வேண்டும் என்பது 1975 திருத்தத்தில்தான் சேர்க்கப்பட்டது. அந்தத் தோட்டங்களில் பல் சிகிச்சை இல்லாமல் போனதற்கு ஆய்வாளர்களைவிடத் தோட்டமும் அரசும் நெடுங்காலம் காட்டிய அலட்சியமே முதற்காரணம். எனினும் இன்று அதே திட்டத்தை நான் சமர்ப்பித்தால் நிராகரிக்கப்படும், நிராகரிக்கப்படவும் வேண்டும். நலிவுற்ற ஒரு குழுவினரிடம் ஆய்வு செய்வதென்றால், அது அவர்களுடைய சுகாதாரத் தேவைக்கே பதிலளிப்பதாக இருக்க வேண்டும், அதன் பலனும் அவர்களைச் சேர வேண்டும் என்று பிரகடனம் சொல்கிறது. 2024இல் செய்த திருத்தத்தில் ஆய்வுக்கு உட்படுகிறவர்களைப் "பங்கேற்பாளர்கள்" என்றே குறிப்பிட்டிருக்கிறார்கள்.

ஐயா சொன்ன சுயாதீனச் சம்மதம் என்பதும் அதே பிரகடனத்தில் உண்டு: ஆய்வாளரைச் சார்ந்திருக்கும் ஒருவரிடம் சம்மதம் கேட்பதானால், அந்த உறவுக்கு வெளியே நிற்கும் தகுதியான ஒருவரே கேட்க வேண்டும். தோட்டத் துரைக்கும் தொழிலாளிக்கும் இடையிலான உறவுக்கும் அதே காரணம் பொருந்தும் என்பது என் கருத்து. வாசிக்கத் தெரியாதவர் பெருவிரல் அடையாளம் இடும்போது பக்கச்சார்பற்ற சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். எந்த நேரத்திலும் காரணம் கூறாமல் விலகலாம் என்பதையும், முடிவுகளை அறியும் உரிமை உண்டு என்பதையும் அம்மாவுக்குச் சொல்லுங்கள். விளங்காத அந்த இரண்டு பந்திகளைக் குழுவிடமே காட்டி, பேச்சுத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். விளங்காத பத்திரத்தில் இட்ட கையெழுத்தைச் சம்மதம் என்று எண்ண முடியாது.

ஆசிரியை, மஸ்கெலியா

மூவருக்கும் நன்றி. நேற்று ஆய்வுக் குழுவினரோடு தொலைபேசியில் பேசினேன். அங்கீகார இலக்கத்தை உடனே தந்தார்கள். பத்திரத்தின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருந்ததை நான் கவனிக்கவில்லை. பிரட்டுக்களத்தில் சேகரித்த பத்திரங்களை ஒதுக்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் மாதர் சங்கத்தினர் முன்னிலையில் மீண்டும் விளக்குவதாக ஒப்புக்கொண்டார்கள். நாட்சம்பளத்தைப் பற்றி இன்னும் பதில் இல்லை. அது எழுத்தில் வரும்வரை கையெழுத்துப் போடமாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டார். ஆனால் கன்னத்தின் உட்புறத்தில் சில மாதங்களாக ஒரு வெள்ளைப் படை இருப்பதை நேற்றிரவுதான் என்னிடம் சொன்னார். ஆய்வுக்காகக் காத்திராமல் திங்கட்கிழமை அவரை வைத்தியசாலையின் பல் சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப் போகிறேன்.