குளம் உள்ள சிங்கிள் பெட்ரூம் ஃபிளாட்: கையெழுத்துப் போடும் முன் எதைப் பார்க்கணும்?

கேள்வி
சின்ன ஊர், ஆறே வீடு உள்ள கட்டடம். வாடகைக்குப் பார்த்திருப்பது தரைத்தள ஃபிளாட், ஜன்னலைத் திறந்தால் நீச்சல் குளம் (8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம்). பராமரிப்புச் செலவைப் பங்கு போட்டுக்கலாம் என்கிறார் ஓனர். என்னென்ன கேட்கணும்?

பதில் 1
முதலில் அந்தப் பங்கு எவ்வளவு என்று கேளுங்க. பெரிய வளாகத்தில் நூறு வீடு சுமப்பதை இங்கே ஆறு வீடு சுமக்கணும். சராசரி ஆழம் 1.5 மீட்டர் என்றால் 48,000 லிட்டர் தண்ணீர். அதை வடிகட்ட 1 கிலோவாட் இழுக்கும் பம்ப் தினம் 8 மணி நேரம் ஓடினால் மாதம் 240 யூனிட், வீட்டுக்கு 40. இரண்டு வீடு காலியானால் அதுவே 60. காலி வீட்டின் பங்கு ஓனருடையது என்று எழுதி வாங்கிடுங்க. குளோரின், ஆள் கூலி எல்லாம் தனி.

இன்னொன்று: பம்ப் ஓடும்போது உங்க வீட்டு மெயின் சுவிட்சை அணைச்சுப் பாருங்க. பம்ப்பும் நின்றால் அது உங்க மீட்டரில் ஓடுது. பம்ப் அறைக்குப் பக்கத்து வீடுகளில் இந்தக் கூத்து நடப்பதுண்டு.

பதில் 2
தண்ணீரைப் பாருங்க. ஆழமான பக்கத்துக் கரையில் நின்றால் அடியில் உள்ள வடிகால் மூடி தெளிவாகத் தெரியணும். மூடி உடைந்தோ திருகு இல்லாமலோ இருந்தால் இறங்கவே கூடாது. உறிஞ்சும் வேகத்தில் முடி, கை, கால் சிக்கும்.

டெஸ்ட் ஸ்ட்ரிப் (தண்ணீரில் நனைத்தால் நிறம் மாறும் சோதனைப் பட்டை) ஒன்று கையோடு கொண்டு போங்க. பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) 7.2 முதல் 7.8, ஃப்ரீ குளோரின் (கிருமியைக் கொல்ல மிச்சமிருக்கும் குளோரின்) 1 முதல் 3 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) இருக்கணும். பி.எச். 8-ஐத் தாண்டினால் குளோரின் போட்டும் பெரிதாகப் பலனில்லை. மூக்கைத் துளைக்கும் நாற்றம் வந்தால் குளோரின் அதிகம் என்பார்கள். நம்பாதீங்க. வியர்வை, சிறுநீரோடு சேர்ந்து குளோரமின் ஆகிவிட்டது, குளோரின் போதவில்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம்.

பதில் 3
தரைத்தளம் என்பதால் ஓதம்தான் என் பயம். குளத்துப் பக்கச் சுவரில் அலமாரிக்குப் பின்னால், தரையை ஒட்டிப் பெயிண்ட் உப்பியிருக்கா, வெள்ளைப் பொடி உதிருதா பாருங்க. சந்தேகம் இருந்தால் பம்ப்பை நிறுத்திட்டு, குளத்தின் படியில் ஒரு வாளியை வைத்து, உள்ளேயும் வெளியேயும் தண்ணீர் ஒரே மட்டத்தில் இருக்கும்படி நிரப்புங்க. 24 மணி நேரம் கழித்துக் குளத்து மட்டம் வாளியைவிட அதிகம் இறங்கியிருந்தால் கசிவு. ஆவியாவது இரண்டிலும் ஒன்றுதான்.

குளோரினும் ஆசிடும் ஒரே அறையில் கிடக்குதா என்றும் பாருங்க. கலந்தால் விஷவாயு. அந்த அறை உங்க ஜன்னலை ஒட்டி இருந்தால் வேற வீடு தேடலாம்.

கேட்டவர்
நன்றி. குளத்தை மூடிவிட்டால் வாடகையைக் குறைக்கச் சொல்லலாமா?

பதில் 1
தாராளமாக. சின்ன ஊரில் பம்ப் போனால் மெக்கானிக்கும் பாகமும் வெளியூரிலிருந்து வரணும், வாரக்கணக்கில் இழுக்கும். "தொடர்ந்து 15 நாளுக்கு மேல் மூடினால் வாடகையில் இவ்வளவு கழிவு" என்று தொகையோடு ஒப்பந்தத்தில் போடுங்க. அட்வான்ஸ் கைமாறும் முன்னாடியே கேட்கணும்.