அமெரிக்காவில் குடியேறிய பெரியப்பாவின் வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்வது எப்படி?

கேள்வி (கோபிச்செட்டிபாளையம்):
கோவையில் பொறியியல் படித்து, எழுபதுகளில் அமெரிக்காவில் குடியேறிய எங்கள் பெரியப்பா தை மாதம் ஊருக்கு வருகிறார். அவருடைய வாழ்க்கையை அவர் வாயாலேயே சொல்லக் கேட்டுப் பதிவு செய்ய விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்கலாம்?

பதில் (பொள்ளாச்சி):
குடியேற்றத்தில் நாடுவாரி ஒதுக்கீட்டு முறையை நீக்கிய 1965ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டமே அந்தத் தலைமுறைக்கு வழிவிட்டது. அதற்கு முன், 1946 முதல், இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 100 பேர் என்ற ஒதுக்கீடே இருந்தது. ஆயினும் அவரிடம் சட்டத்தைக் கேட்காமல் முதல் நாளைக் கேளுங்கள். விமான நிலையத்தில் யார் காத்திருந்தார்கள், பெட்டியில் வைத்திருந்த பருப்புப்பொடி எத்தனை நாள் வந்தது என்று கேட்டால் பேச்சு தானாகவே பெருகும். 2008இல் தொடங்கப்பட்ட தெற்காசிய அமெரிக்க எண்ணிம ஆவணகம் இத்தகைய முதல் நாள் நினைவுகளைத் திரட்டி இணையத்தில் வைத்திருக்கிறது.

பதில் (திருச்செங்கோடு):
பெரியம்மாவையும் தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள், தம்பி. நியூயார்க்கின் ஃபிளஷிங்கில் 1977இல் குடமுழுக்கு கண்ட பிள்ளையார் கோயில் போன்றவை எழுவதற்கு முன், பொங்கலுக்கு யார் வீட்டில் கூடினார்கள், பிள்ளைகளுக்குத் தமிழ் யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதெல்லாம் பெரும்பாலும் பெண்களின் நினைவில்தான் இருக்கிறது. பதிவின்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். பங்காளி மனத்தாங்கல் ஏதேனும் பேச்சில் வந்தால், வெளியிடும் முன் பேசியவர்களின் எழுத்துப்பூர்வ ஒப்புதலைக் கட்டாயம் பெறுங்கள்.