புதுப்பிப்பு: மைனியின் சங்கிலி கைக்கு வந்துவிட்டது

முதலில் படிப்பவர்களுக்காக: முந்திரி ஆலையில் வேலை பார்க்கும் எங்கள் மைனி (அண்ணி), மார்த்தாண்டத்தில் நகைக்கடன் தரும் ஒரு பைனான்ஸில் 3 பவுன் சங்கிலியைப் பணயம் (அடகு) வைத்திருந்தார். வட்டியும் முதலுமாக முழுப் பணத்தையும் கட்டிய பிறகும் "நாளைக்கு வாங்க" என்றே அலைக்கழித்தார்கள். 12 வேலை நாள் ஓடியபோதுதான் இங்கே எழுதினேன்.

நீங்கள் சொன்னபடி எழுத்தில் புகார் கொடுத்தோம். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதியையும் அதில் குறிப்பிட்டோம்: கடன் முடிந்தால் அன்றே, அதிகபட்சம் 7 வேலை நாளுக்குள் நகையைத் திருப்பித் தர வேண்டும், தாமதம் அவர்களுடையது என்றால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. புகார் கிடைத்ததற்கு அடையாளமாக நகலில் முத்திரை போட மறுத்தார்கள். மைனி கவுண்டரை விட்டு நகரவே இல்லை, வாங்கிவிட்டுத்தான் வந்தார். இரண்டே நாளில் நகையை வாங்கிக்கொள்ளச் சொல்லி போன் வந்தது. அங்கேயே எடை போட்டு, பழைய ரசீதோடு ஒப்பிட்டுத்தான் கையெழுத்துப் போட்டோம்.

இழப்பீடு பற்றி இன்னும் பதில் இல்லை. புகார் கொடுத்து 30 நாள் ஆனதும் ஒம்புட்ஸ்மேனிடம் (ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர்) போகலாம், கட்டணம் கிடையாது. சந்தேகம் கேட்க ரிசர்வ் வங்கியின் தொலைபேசி எண் 14448.

வங்கிக்கே போயிருக்கலாமே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வங்கியில் அரை நாள் போனால் மைனிக்கு அரை நாள் கூலி போய்விடும். பைனான்ஸில் அரை மணி நேரத்தில் பணம் கிடைத்தது. அவசரத்துக்கு அங்கே போனது தப்பே இல்லை. நகையைத் திருப்பித் தராததுதான் தப்பு.

30ஆம் நாள் முடிந்ததும் மறுபடி எழுதுகிறேன்.