மாலை போட்டவருக்குப் பூண்டுப் பால் கொடுக்கலாமா?

எல்லோருக்கும் வணக்கம். என் மாமனார் சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறார். வெங்காயம், பூண்டு வாசலைத் தாண்டி வரக்கூடாது. சமையலில் எனக்குச் சிரமமில்லை. மோர்க்குழம்பு, மிளகு ரசம், கூட்டு என்று பெருங்காயத்தை வைத்தே ஓட்டிவிடலாம். (பெருங்காயம் மட்டும் சாத்விகமா என்று கேட்டால் முறைக்கிறார்!)

பிரச்சினை அவருடைய மூட்டு வலிதான். வாதம் என்று சொல்லி ஆயுர்வேத வைத்தியர் பூண்டுப் பால் குடிக்கச் சொல்லியிருந்தார். உரித்த பூண்டை ராத்திரி மோரில் ஊறப்போட்டுக் கழுவி, பாலும் தண்ணீருமாக விட்டு, தண்ணீர் சுண்டும்வரை காய்ச்சி வடிகட்டுவேன். வாடை அவ்வளவாகத் தெரியாது. மாலை போட்டதும் அதை நிறுத்திவிட்டார், வலி திரும்ப வந்துவிட்டது.

அஷ்டாங்க ஹிருதயம் என்ற பழைய ஆயுர்வேத நூல் பூண்டை வாதத்துக்கு நல்ல மருந்து என்று புகழ்கிறது. ராகுவின் அறுபட்ட கழுத்திலிருந்து சிந்திய அமுதத்தில் பிறந்ததால் இருபிறப்பாளர் (பூணூல் அணிவோர்) அதை உண்பதில்லை என்பதும் அதே நூலில்தான் இருக்கிறது. கீதை 17-ஆம் அத்தியாயம் ராஜச, தாமச உணவுகளைச் சொல்லும் இடத்தில் பூண்டின் பெயரே இல்லை. இதையெல்லாம் சொல்லிப் பார்த்தாயிற்று, சாமி அசையவில்லை.

விரத காலத்தில் மருந்தாகப் பூண்டு எடுத்தவர்கள் இங்கே இருக்கிறீர்களா? உங்கள் குருசாமி என்ன சொன்னார்? கூடாது என்றால், பூண்டுக்குப் பதிலாக உங்கள் வைத்தியர் எதைக் கொடுத்தார்? மாமனார் ரத்த அழுத்த மாத்திரையும் சாப்பிடுகிறார், அதனால் நீங்கள் எதைச் சொன்னாலும் வைத்தியரைக் கேட்டுவிட்டுத்தான் கொடுப்பேன்.