சப்போர்ட்டிங் இன்ஃபர்மேஷன்: எழுதியவர்களும் படித்தவர்களும் சொல்வது

நர்ஸ் வேலையில் பேண்ட் 5-லிருந்து அடுத்த சம்பள நிலையான பேண்ட் 6-க்கு விண்ணப்பிக்கப் போகும் தங்கை, விண்ணப்பத்தின் சப்போர்ட்டிங் இன்ஃபர்மேஷன் பகுதியில் (வேலைக்கு நாம் ஏன் பொருத்தம் என்று எழுதும் இடம்) எதை எழுதுவது என்று இங்கே கேட்டிருந்தாள். நான் இங்கிலாந்தில் ஒரு என்ஹெச்எஸ் (அரசுப் பொது மருத்துவச் சேவை) மருத்துவமனையில் வார்டு மேனேஜர். விண்ணப்பங்களைப் படித்து, நேர்காணலுக்கு யாரைக் கூப்பிடலாம் என்று முடிவுசெய்யும் வேலையும் என் தலையில்தான். அதனால் படிக்கிறவர் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

எனக்கு உங்கள் பெயர் தெரியாது, வயது தெரியாது. திரையில் ஒரு எண் இருக்கும், வேலை விவரம் இருக்கும், நீங்கள் எழுதியது இருக்கும். பக்கத்தில் பெர்சன் ஸ்பெசிஃபிகேஷன், அதாவது அந்த வேலைக்கு வேண்டிய தகுதிகளின் பட்டியல் இருக்கும். அதில் எசென்ஷியல் (கட்டாயம் வேண்டியது), டிசையரபிள் (இருந்தால் நல்லது) என்று வரிவரியாகப் போட்டிருக்கும். எது விண்ணப்பத்தில் பார்க்கப்படும், எது நேர்காணலில் பார்க்கப்படும் என்றுகூடப் பெரும்பாலும் குறித்திருப்பார்கள். அந்த வரிகளுக்குத்தான் மதிப்பெண். கேள்வித்தாளை முன்பே கையில் கொடுத்துவிட்டு எழுதச் சொல்கிற பரீட்சை இது. ஆனால் முக்கால்வாசிப் பேர் அந்தத் தாளைத் திறந்தே பார்க்காமல் சுயசரிதை எழுதுகிறார்கள்.

ஒரு விண்ணப்பம் இன்னும் நினைவில் இருக்கிறது. வேலை விவரத்தில் முதலில் கோயம்புத்தூர், பிறகு ரியாத், பிறகு இங்கே. பல வருட ஐசியூ அனுபவம். எழுதியிருந்ததோ, சிறு வயதிலிருந்தே சேவை செய்வது என் கனவு என்று ஒரு பத்தி. அப்புறம் என்ஹெச்எஸ்ஸின் ஆறு விழுமியங்களையும் அப்படியே வரிசையாக. நோயாளியின் நிலை மோசமாவதைக் கண்டுபிடித்துச் செயல்பட்டதற்குச் சான்று கேட்டிருந்தோம். ஒரு வரி இல்லை. ஐசியூவில் இருந்தவருக்கு அது தெரியாமல் இருக்குமா? எனக்குத் தெரியும். ஆனால் எழுதாததற்கு நான் ஊகித்து மதிப்பெண் போட முடியாது. விட்டுவிட வேண்டியதாயிற்று.

அந்தப் பெண் ஃபீட்பேக் கேட்டார், சொன்னேன். அடுத்த முறை இடம் விழுந்தபோது, விளம்பரத்தில் கொடுத்திருந்த எண்ணுக்கு முதலில் போன் செய்து, இந்த வார்டில் இப்போது என்ன சிக்கல், புதிதாக வருகிறவரிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டார். (அந்த எண்ணைக் கொடுப்பதே அதற்குத்தான். நம்மவர்கள் தொந்தரவாக நினைப்பார்களோ என்று கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள்.) பிறகு எழுதியது இப்படி இருந்தது: இரவு டியூட்டியில் ஒருவருக்கு மூச்சு நிமிடத்துக்கு 26 ஆனது, நியூஸ்2 ஸ்கோர் (நோயாளியின் நிலை எவ்வளவு மோசம் என்று காட்டும் எண்) 3-லிருந்து 7-க்கு ஏறியது. செப்சிஸாக (தொற்றால் உறுப்புகள் பாதிக்கப்படும் ஆபத்தான நிலை) இருக்கலாம் என்று சந்தேகப்பட்டேன். நிலை மோசமாகும் நோயாளிகளை வார்டுக்கே வந்து பார்க்கும் அவுட்ரீச் டீமை அழைத்து, எஸ்பார் முறையில் (சூழ்நிலை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்ற வரிசையில்) நிலவரத்தைச் சொன்னேன். ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்க பிளட் கல்ச்சர் எடுத்தேன். டாக்டர் எழுதியதும் ஆன்டிபயாடிக்கை ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்தேன். ஸ்கோர் 5-ஐத் தொட்டாலே என்ன செய்ய வேண்டும் என்று பின்னர் ஹெல்த்கேர் அசிஸ்டென்ட்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

அவ்வளவுதான், ஒரே பத்தி. நோயாளியைக் கவனித்தல், தகவல் பரிமாற்றம், மற்றவர்களுக்குக் கற்பித்தல் என்று மூன்று வரிகளுக்கு அதிலேயே சான்று கிடைத்துவிட்டது. கனவு, சேவை எதையும் காணோம். நேர்காணலுக்குக் கூப்பிட்டோம்.

*

அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. என் மனைவி பிசியோதெரபிஸ்ட். அவள் எழுதியதைப் படித்தால் எல்லாவற்றையும் டீம்தான் செய்திருக்கிறது. நோயாளிகள் தவறிக் கீழே விழுவதைக் குறைக்க டீம் திட்டம் போட்டது, டீம் நடத்தியது. யார் போட்டது என்று கேட்டேன். நான்தான், ஆனால் அப்படி எழுதினால் தம்பட்டம் மாதிரி இருக்காதா என்றாள். தன் பெருமையைத் தானே பேசக் கூடாது என்று வளர்ந்த வீடு. மற்றவர்கள் செய்ததை விட்டுவிட்டு, நீ கையால் செய்ததை மட்டும் எழுது, அது பெருமை இல்லை, கணக்கு என்றேன். அரை மனதோடுதான் மாற்றினாள்.

இன்னொன்று, ஸ்பெசிஃபிகேஷனில் உள்ள தலைப்புகளையே துணைத் தலைப்பாக வைத்து, அதே வரிசையில் எழுதச் சொன்னேன். படிக்கிறவர் தேடி அலைய வேண்டியதில்லை பாருங்கள். கடைசித் தேதியையும் நம்பாதீர்கள். விண்ணப்பம் குவிந்தால் முன்பே மூடிவிடுவார்கள்.

*

நான் பிரிட்டன் அரசின் சிவில் சர்வீஸ் பக்கம். இங்கே ஒவ்வொரு பிஹேவியருக்கும் (வேலையில் எப்படி நடந்துகொள்வீர்கள் என்று பார்க்கும் தலைப்பு) பொதுவாக 250 வார்த்தைதான் தருவார்கள். 1 முதல் 7 வரை மதிப்பெண், 4 வாங்கினால் தேறலாம். கூட்டம் அதிகமானால் முதன்மை பிஹேவியர் ஒன்றை மட்டும் வைத்தே முதலில் வடிகட்டுவார்கள். அதனால் உங்களிடம் இருக்கும் நல்ல சம்பவத்தை அதற்கே வைத்துக்கொள்ளுங்கள். சூழ்நிலையை விவரிப்பதற்கே 100 வார்த்தையைச் செலவழிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அலுவலகத்தின் வரலாறு யாருக்கு வேண்டும்? இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டு, செய்ததற்கு வாருங்கள்.

*

மறுபடி வார்டு மேனேஜர்தான். சாட்ஜிபிடியில் எழுதலாமா என்று இடையில் ஒருவர் கேட்டிருந்தார். ஆங்கிலத்தைச் சரிபார்க்கப் பயன்படுத்துங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் ஒரே தடவையில் நாலைந்து விண்ணப்பங்கள் ஒரே மாதிரித் தொடங்கி, ஒரே மாதிரி முடிவதைப் பார்க்கிறேன். எல்லாம் பளபளப்பாக இருக்கும், எந்த வார்டில் என்ன நடந்தது என்று மட்டும் இருக்காது. சில இடங்களில் அதைப் பயன்படுத்தினீர்களா என்று படிவத்திலேயே கேட்கிறார்கள், மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

தங்கை, ஸ்பெசிஃபிகேஷனையும் உன் டிராஃப்டையும் சேர்த்து எனக்கு அனுப்பு. ஞாயிறு எனக்கு லீவு, உட்கார்ந்து படித்துச் சொல்கிறேன். நோயாளியை அடையாளம் காட்டுகிற எதுவும் அதில் இருக்கக் கூடாது. படுக்கை எண்கூட வேண்டாம்.