பாலிடெக்னிக் (பாலி) சீட் கிடைத்ததும் படிப்பை மூட்டை கட்டிவிட்டான், என்ன செய்வது?

யீஷூன் அம்மா:
மகன் இங்கே சிங்கப்பூரில் உயர்நிலை நான்கு. இஏஇ (இறுதித் தேர்வு முடிவுக்கு முன்பே திறமையைப் பார்த்து பாலியில் இடம் தரும் முறை) வழியாக மெக்கானிக்கல் இன்ஜினியரிங் இடம் இந்த மாதத் தொடக்கத்தில் கிடைத்தது, நேர்முகத்தில் அவன் பழுதுபார்த்த பழைய சைக்கிளைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்களாம். அன்றோடு சரி, புத்தகத்தைத் தொடுவதில்லை. அடுத்த வாரம் எழுதிய பிரிலிம் என்ற பள்ளி ஒத்திகைத் தேர்வில் கணக்கில் டி7, ஜூன் விடுமுறைக்கு முன் பி4 வாங்கிய பையன் (ஏ1தான் உச்சம், எண் கூடக்கூட மோசம்). கேட்டால் "அதான் சீட் கிடைச்சிருச்சே மா" என்கிறான். அவன் அப்பாவோ பரீட்சை நேரத்தில் திட்டாதே என்கிறார். அக்டோபரில் ஓ லெவல் இறுதித் தேர்வு, எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

மூத்த பிள்ளை பாலியில்:
இஏஇ இடம் நிபந்தனையோடு வருவது அக்கா, அதை அவனிடம் யாராவது சொன்னார்களா? ஆங்கிலம், கோர்ஸுக்குத் தொடர்புள்ள இரண்டு பாடம், நன்றாக வந்த இன்னும் இரண்டு, எல்லாம் சேர்த்து 26 புள்ளிக்குள் இருக்கவேண்டும், கிரேடில் உள்ள எண்தான் புள்ளி. ஐந்திலும் சி5 என்றாலே 25 ஆகிவிடும், அதனால் மொத்தத்தில் தப்பித்துவிடுவான். ஆனால் இன்ஜினியரிங்குக்குக் கணக்கில் குறைந்தது சி6 தனியாக வேண்டும். டி7 வந்தால் மொத்தம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இடம் போய்விடும். இதை நீங்கள் சொன்னால் மிரட்டுவது மாதிரி இருக்கும், ஆஃபர் கடிதத்தை அவனையே வாசிக்கச் சொல்லுங்கள்.

டியூஷன் மாமா:
பள்ளி மதிப்பீட்டில் டி7 என்றால் நூற்றுக்கு 45க்கும் 49க்கும் நடுவில், சி6க்கு 50. அவ்வளவுதான் தூரம், பி4 எடுத்தவனுக்கு இது மலையே இல்லை. மொத்த சிலபஸையும் திருப்பச் சொல்லாதீர்கள், பயந்து அதையும் விட்டுவிடுவான். பழைய வினாத்தாள் தொகுப்பான டென் இயர் சீரிஸில் பேப்பர் 1 மட்டும் நேரம் வைத்துப் போடட்டும். 90 மதிப்பெண், எல்லாம் சின்னக் கேள்விகள், கைநழுவிய மதிப்பெண் அங்கேதான் சீக்கிரம் திரும்பி வரும். பேப்பர் 2இல் கடைசியாக வரும் அந்த நீளமான நடைமுறைக் கணக்கை இப்போதைக்கு விடலாம்.

இரண்டாம் ஆண்டு தம்பி:
நானும் இஏஇதான். ஆன்ட்டி, சோம்பேறித்தனம் என்று முடிவு கட்டுவதற்கு முன் ஒன்று பாருங்கள், சரியாகத் தூங்குகிறானா, நண்பர்களோடு வெளியே போகிறானா? எங்கள் வகுப்பில் ஒருவன் இப்படித்தான் இருந்தான், உண்மையில் பயத்தில் புத்தகத்தைத் திறக்கவில்லை. அப்படி என்றால் டியூஷனைக் கூட்டிப் பயனில்லை, பள்ளி ஆலோசகரிடம் பேசுங்கள். வெறும் சொகுசு என்றால் முதல் செமஸ்டரிலேயே இன்ஜினியரிங் மேத்ஸ் காத்திருக்கிறது என்று சொல்லிவையுங்கள், அல்ஜீப்ரா மறந்தவர்கள் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன். இடம் போனாலும் ஜனவரியில் முடிவு வந்ததும், ஓ லெவல் புள்ளியை வைத்து இடம் தரும் ஜேஏஇயில் விண்ணப்பிக்கலாம், ஆனால் இதை இப்போது அவன் காதில் போடவேண்டாம்.

யீஷூன் அம்மா:
தூக்கம், பந்து எல்லாம் வழக்கம்போல. சொகுசுதான் போலிருக்கிறது. கடிதத்தைக் கொடுத்தேன், சி6 வரியை இரண்டு தரம் படித்துவிட்டு "நிஜமாவா?" என்றான். தம்பி, அந்த இன்ஜினியரிங் மேத்ஸ் பற்றி நீங்களே அவனிடம் பேசமுடியுமா? தனிச்செய்தி அனுப்புகிறேன்.