ஆடியோ ரேக்கை மரத்தில் நாமே செய்வது: உங்கள் அனுபவம் எப்படி?

ஈசூன்காரன்:

இசைத்தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிளும் ஸ்பீக்கரும் ஒரே டிவி மேசையில் இருந்தால் என்ன ஆகும் என்று பலருக்கும் தெரிந்திருக்கும். ஒலியைக் கொஞ்சம் கூட்டினால் போதும், ஸ்பீக்கரின் அதிர்வு மேசை வழியாக ஊசிக்கே திரும்பிப் போய் ஊளையிடும். ஊசி இசைத்தட்டில் அழுந்துவதே ஏறக்குறைய 2 கிராம்தான். மேசை நடுங்கினால் அதையும் பாட்டோடு சேர்த்தே படித்துவிடும். சிங்கப்பூரில் ஆடியோ கடைகள் இருக்கும் அடெல்ஃபி கட்டடத்தில் ஹைஃபை ரேக் விலை கேட்டுப் பார்த்தேன். அந்தக் காசுக்கு இன்னொரு ஆம்ப்ளிஃபையரே வாங்கலாம். சரி, நாமே செய்துவிடுவோம் என்று இறங்கினேன்.

பெரும்பாலான ஆம்ப்ளிஃபையர்கள் 43, 44 செ.மீ. அகலம். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 டர்ன்டேபிள் என்றால் 45.3. அதனால் உள் அகலம் 50 என்று வைத்துக்கொண்டேன். ஆழத்தில்தான் கூடுதல் கவனம் வேண்டும். பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பிளக், வளைந்து திரும்பும் கேபிள் எல்லாவற்றுக்கும் இன்னொரு 10 செ.மீ. விடுங்கள்.

சுங்கை காடுட்டில் ஒரு மரக்கடைக்குப் போனேன். அங்கிருந்த சீன அங்கிள் நான் நீட்டிய படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எவ்வளவு கனம் வைக்கப் போகிறாய் என்று மலாயில் கேட்டார். 15 கிலோ என்றேன். 18 மி.மீ. பலகை ஒன்றை இரண்டு கட்டைகள் மேல் போட்டு, அதில் ஏறி நின்றுவிட்டார்! லேசாகத்தான் வளைந்தது. பிறகு கட்டைகளைத் தள்ளிவைத்து மறுபடி ஏறினார். இப்போது பலகை நன்றாகவே தொங்கியது. கணக்கும் இதைத்தான் சொல்கிறது. அதே கனத்துக்கு, தாங்கும் இடைவெளி இரண்டு மடங்கானால் வளைவு 8 மடங்கு. தடிமன் இரண்டு மடங்கானால் வளைவு எட்டில் ஒரு பங்கு. டர்ன்டேபிள் உட்காரும் மேல்தட்டுக்கு மட்டும் இரண்டு பலகையை ஒட்டி 36 மி.மீ. ஆக்கிக்கொள் என்றார். அப்படியே செய்தேன்.

வாங்கியது ரப்பர் மரப் பலகை. 25, 30 வருடத்தில் பால் குறைந்ததும் வெட்டுகிற மரங்கள்தான் இப்படிப் பலகையாகின்றன. என் தாத்தா ஜொகூர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். “அந்த மரமே வேண்டாம்னுதான் அவர் சிங்கப்பூர் வந்தார், நீ காசு கொடுத்து வீட்டுக்குள்ளே கொண்டு வரியா?” என்றார் அம்மா.

ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம், பூச்சி விரும்பி வரும். மருந்து ஏற்றிய பலகைதானா என்று கேட்டு வாங்குங்கள். வார்னிஷ் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். நம் ஊரில் விடியற்காலையில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும், மழையில்லாத பிற்பகலில் 60 வரை இறங்கும். மேல்புறம் மட்டும் பூசினால் ஒரு பக்கம் ஈரம் குடித்துப் பலகை வளைந்துகொள்ளும். அடிப்புறம், வெட்டுமுனை எதையும் விடாதீர்கள்.

வெட்டுவதையும் துளையிடுவதையும் கடையிலேயே முடித்துவிட்டேன். வீட்டில் உப்புத்தாள் தேய்ப்பது, வார்னிஷ், போல்ட் முடுக்குவது, ரசமட்டம் வைத்துப் பார்ப்பது, அவ்வளவுதான். ஸ்பீக்கரைத் தனி ஸ்டாண்டுக்கு மாற்றியதும் ஊளை நின்றது. ரப்பர் மரத்துக்கு ஏதோ இசைஞானம் இருப்பதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள், இரண்டையும் பிரித்ததுதான் காரணம். ரேக்கின் அடியில் மாட்டும் கூர்முனைக் கால்களும் என்னைக் கேட்டால் வீண் செலவு. வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் கான்கிரீட் தரை நடக்கும்போது அதிராது, டைல்ஸ்தான் கீறிப்போகும்.

பொங்கோல்வாசி:

நான் மரக்கடைப் பக்கமே போகவில்லை. ஐகியாவின் லாக் மேசை 55 செ.மீ. சதுரம், கால் ஒவ்வொன்றும் 5 செ.மீ. நடுவில் மிஞ்சுவது 45. ரேக்கில் மாட்டுவதற்கென்றே 19 அங்குல முகப்போடு வரும் கருவிகளின் உடல் அதற்குள் சரியாக நுழையும், முகப்பின் இருபக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் ‘காதுகளை’க் காலோடு திருகிவிடலாம். ஆனால் கால்களின் உள்ளே பெரும்பகுதி வெற்றிடம்தான், திருகாணி பிடிக்காது. மிக்ஸர் போன்ற லேசான சாமானுக்கு ஓகே. பவர் ஆம்ப்ளிஃபையரைத் தொங்கவிடாதீர்கள். இதற்குக்கூட டிரில் வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எடுத்ததும் பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அம்மா) கதவைத் தட்டிவிட்டார். பேரன் தூங்குகிறானாம். வார நாளில், சாயங்காலம் 5 மணிக்குள் முடித்துக்கொள்கிறேன் என்று சொல்லி நிறுத்தினேன்.

தெம்பனிஸ் ரசிகை:

ஈசூன் அண்ணா, முதுகுப் பக்கம் பலகை அடித்தீர்களா, திறந்தே விட்டீர்களா? நாங்கள் அழகுக்காகக் கதவு வைத்த ரேக் செய்தோம். ஆம்ப்ளிஃபையர் அடிக்கடி தானாக அணைந்தது. சிம் லிம் டவர் பக்கம் பழுதுபார்க்கிற ஒருவரிடம் கொண்டு போனோம். மூடியைத் திறந்து, உப்பிப்போன கெப்பாசிட்டரைக் காட்டினார். 10 டிகிரி சூடு கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்றார். இப்போது கதவைக் கழற்றிவிட்டோம், ஆம்ப்ளிஃபையருக்கு மேலே 10 செ.மீ. காலியாக இருக்கிறது. கழற்றிய கதவு இரண்டையும் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை, யாருக்காவது வேண்டுமா?